மடிக்கணினி வீட்டிலேயே இருக்கட்டும்

கணினி இல்லாமல் பயணப் படங்களைப் பகிர முடியுமா என்று இன்று யாரும் கேட்பதில்லை. போன் வைத்திருப்பவர்கள் எல்லாம் நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் தோளில் ஒரு கேமரா தொங்குகிறது, போகிற இடம் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு, வீட்டில் இருப்பவர்களுக்குத் தினம் ஒரு படமாவது வந்தாக வேண்டும் என்றால் அந்தக் கேள்விக்கு மறுபடி உயிர் வந்துவிடுகிறது. "சின்னதாக ஒரு லேப்டாப் எடுத்துக்கொண்டு போயேன்" என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் எடுத்துக்கொண்டு போவதில்லை.

முதல் காரணம் எடை. ரெக்காங் பியோவில் இருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜாவுக்குப் போகும் அரசு பஸ்ஸில், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நேர்கீழே ஓடும் ஆற்றைப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றரைக் கிலோ என்றால் என்னவென்று தெரியும். சார்ஜர் தனி. விமான நிலையத்தில் பையில் இருந்து அதை வெளியே எடுத்து, தட்டில் வைத்து, மறுபடி உள்ளே திணிக்கும் வேலை தனி. இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். லேப்டாப் இருந்தால் சாயங்காலம் காணாமல் போய்விடும். தங்கும் வீட்டில் அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து வெண்ணெய்த் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, மூலையில் ஒருவர் மட்டும் நீல வெளிச்சத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வானத்தின் நிறத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். அந்த ஒருவராக இருக்க எனக்கு விருப்பம் இல்லை.

பயணத்தில் படங்களை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியவை இரண்டு. எடுத்தது தொலையாமல் வீடு வந்து சேர வேண்டும். அதில் நாலைந்து படம் இன்றே ஊருக்குப் போக வேண்டும். லேப்டாப் காலத்தில் இரண்டும் ஒரே திரையில் நடந்ததால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். போன் வந்தபின் குழப்பம் கூடியது. எடுத்த படம் தானாகக் கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ ஏறிவிடுகிறது, அங்கிருந்தே இணைப்பை அனுப்பிவிடலாம், அதுவே காப்பு (பேக்கப்), அதுவே பகிர்வு என்று ஆகிவிட்டது. குதிரில் நெல் கொட்டுவதும் உலையில் அரிசி போடுவதும் ஒரே வேலை இல்லை. இவற்றைப் பிரித்துவிட்டால் கணினியின் தேவை பாதிக்கு மேல் போய்விடும்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் நல்ல தரத்தில் எடுத்த ஒரு ஜேபெக் படம் ஏறத்தாழ 10 எம்பி இருக்கும். ஒரு நாளில் முந்நூறு படம் என்றால் 3 ஜிபி. மலையூரில் நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் மேலேற்ற முடிந்தால் அதுவே அதிர்ஷ்டம். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி, ஆகவே அந்த வேகத்தில் 3 ஜிபி ஏறுவதற்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் இடையில் மின்சாரமும் சிக்னலும் போகாமல் இருந்தால். அதே படங்களில் பத்தை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு எம்பிக்குள் சுருக்கி அனுப்பினால் ஒன்றரை நிமிடம் கூட ஆகாது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கேமராவில் இருந்து போனுக்குப் படத்தைக் கொண்டுவர இரண்டு வழிகள். ஒன்று வைஃபை. இப்போது வரும் கேமராக்கள் பெரும்பாலும் தாங்களே ஒரு வைஃபை வலையை உருவாக்கிக்கொள்ளும். போன் அதில் போய்ச் சேர வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கேமராவின் வலையில் இணையம் கிடையாது என்பதைப் போன் கண்டுபிடித்து, "இதில் இணைய வசதி இல்லை, விலகட்டுமா?" என்று கேட்கும். சில போன்கள் கேட்காமலே விலகிவிடும். படம் பாதியில் நிற்கும். மொபைல் டேட்டாவைச் சற்று நேரம் அணைத்துவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். நிகான், சோனி நிறுவனங்களின் செயலிகளில் முழுப் படத்தை அனுப்பாமல் 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கி அனுப்பும் அமைப்பு இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுத் தரம் குறைகிறதே என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். போன் திரையில் பார்க்கப்போகும் படத்துக்கு 2 மெகாபிக்சல் தாராளம். அசல் கேமராவின் மெமரி கார்டில்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை.

மற்றொரு வழி கார்டு ரீடர். கட்டை விரல் அளவில், யுஎஸ்பி-சி முனையோடு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான். எனக்கு இதுதான் பிடிக்கும். கார்டை உருவி, ரீடரில் செருகி, ரீடரைப் போனில் செருகினால் டிசிஐஎம் என்ற கோப்புறை தெரியும். எந்தக் கேமராவாக இருந்தாலும் படங்கள் அதற்குள்தான் இருக்கும். வேண்டியதை மட்டும் நகலெடுத்துக்கொள்ளலாம். பழைய ஆண்ட்ராய்டு போன் என்றால் ஒரு சிக்கல் வரலாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வடிவமைக்கப்பட்டு (ஃபார்மேட் செய்யப்பட்டு) வருகின்றன. அதைப் படிக்கத் தெரியாத போன், "கார்டு பழுதாகிவிட்டது, வடிவமைக்கட்டுமா?" என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டுச் சரி என்று அழுத்தினால் படங்கள் அழிந்துவிடும், கதை முடிந்தது. கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, போனுக்குத்தான் அந்த முறை தெரியாது. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை செருகிப் பார்த்துவிடுவது உத்தமம். ஐபோன்காரர்களுக்கு இந்த வாசல் தாமதமாகத்தான் திறந்தது. 2019இல் வந்த ஐஓஎஸ் 13க்குப் பிறகுதான் வெளிச் சேமிப்புகளைக் கோப்புகள் செயலியில் திறக்க முடிந்தது. யுஎஸ்பி-சி துளை 2023இல் வந்த ஐபோன் 15இல்தான் கிடைத்தது.

எஸ்டி கார்டின் இடது விளிம்பில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறதே, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. நகத்தால் கீழே தள்ளினால் பூட்டு. ரீடர் அதைப் பார்த்து, எழுதுவதையும் அழிப்பதையும் மறுத்துவிடும். வாசிக்க மட்டும் முடியும். உண்மையில் கார்டுக்குள் பூட்டு என்று எதுவும் கிடையாது. அந்தப் பொத்தானின் இடத்தை ரீடர் மதிக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் குளிரில் விரல் மரத்துப்போன இரவில், தப்பான இடத்தில் அழுத்திவிடாமல் காப்பாற்ற அது போதும். போனில் செருகும் முன் அதைத் தள்ளிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிரவுசிங் சென்டர் காலத்தில் வந்த பழக்கம் அது. அப்போதெல்லாம் படங்களைச் சிடியில் எழுதித் தரச்சொல்லி கார்டைக் கடைக்காரரிடம் கொடுப்போம். திரும்பி வரும்போது கார்டில் படங்களோடு வைரஸும் குடிவந்திருக்கும். கோப்புறை எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். அந்தக் கடைகள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

போனில் இருந்து படம் அனுப்பும் கதையே ஒரு லேப்டாப்பில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1997 ஜூன் 11 அன்று, கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் இருந்து, பிறந்த தன் குழந்தையின் படத்தை பிலிப் கான் என்ற மென்பொருள் நிபுணர் உடனுக்குடன் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பினார். கேமரா ஒன்று, மடக்குப் போன் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு லேப்டாப். மனைவி பிரசவ வலியில் இருக்க, அவர் வயர்களை இணைத்து நிரல் எழுதிக்கொண்டிருந்தாராம். அந்த நடுவில் இருந்த லேப்டாப்தான் இன்று போனுக்குள் கரைந்துவிட்டது. அப்படியிருக்க அதே பெட்டியை நாம் ஏன் மலைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

கணினி இல்லாததில் ஒரு நிஜமான இழப்பும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெரிய திரையில் முந்நூறு படத்தை விரித்துப் போட்டுப் பொறுக்குவது போல் போனில் பொறுக்க முடியாது. சின்னத் திரையில் எல்லாப் படமும் கூர்மையாகவே தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் இருப்பவரின் கண் மங்கி, பின்னால் உள்ள பாறை தெளிவாக இருக்கும். இதற்கு நான் கண்ட வழி, பொறுக்கும் வேலையைக் கேமராவிலேயே முடிப்பது. பஸ் நிற்கும்போது, சாப்பாடு வரும்வரை, கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, பிடித்ததற்கு நட்சத்திரம் போட்டுவிடுவேன். பெரும்பாலான கேமராக்களில் இந்த வசதி இருக்கிறது. இரவில் அந்த நட்சத்திரப் படங்கள் மட்டும் போனுக்குப் போகும். மங்கலான படத்தை அங்கேயே அழிப்பதில்லை. கார்டில் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினால் ஒருநாள் கை தவறும். இன்று கார்டு விற்கும் விலைக்கு அந்த ஆபத்துத் தேவையே இல்லை.

கேமராவின் கடிகாரத்தையும் சொல்ல வேண்டும். போன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும், கேமரா பெரும்பாலும் திருத்தாது. பேட்டரி வெகுநாள் வெளியே கிடந்திருந்தால் ஏதோ ஒரு பழைய ஆண்டில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டு கருவிப் படங்களையும் ஒரே ஆல்பத்தில் போட்டால் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பயணத்தின் முதல் படமாகப் போனின் கடிகாரத் திரையைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வைத்துவிடுகிறேன். எத்தனை நிமிடம் பிசகு என்று அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப் செய்வது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கும். 2023இல் எச்டி என்ற தேர்வைக் கொடுத்தார்கள், அதுவும் அசல் இல்லை, குறைவாகச் சுருக்கியது. அசல் அப்படியே போக வேண்டுமானால் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். ஆனால் ஆவணமாக அனுப்பினால் படத்துக்குள் ஒளிந்திருக்கும் தகவல்களும் சேர்ந்தே போகும். எடுத்த நேரம், கேமரா, போனில் எடுத்ததென்றால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை வரை. சுருக்கி அனுப்பும்போது வாட்ஸ்அப் அவற்றை உதிர்த்துவிடுகிறது. ஆகவே குடும்பக் குழுவுக்கு சுருங்கிய படமே போதும், நல்லதும்கூட. ஸ்பிதி எல்லைக்கு அருகில் உள்ள பகுதி. ராணுவ வண்டிகளையும் பாலங்களையும் படமெடுக்கக் கூடாது என்று ஆங்காங்கே பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பிடத்தோடு படங்களைப் பொதுவெளியில் இறைப்பது தேவையில்லாத வேலை. வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற செய்தியும் அதோடு சேர்ந்துதான் ஊருக்குப் போகிறது. பொதுவில் போடுவதை அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகே போடுகிறேன்.

குடும்பக் குழுவுக்கு எத்தனை படம் அனுப்பலாம் என்பதில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் போனால் யாரும் பார்ப்பதில்லை, கட்டைவிரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அதிலும் மலை மட்டும் உள்ள படம் இரண்டுக்கு மேல் கூடாது. காஜாவில் இருந்து கீ மடாலயத்தின் படங்களை வரிசையாக அனுப்பியபோது பெரியம்மா போன் செய்தார். "எல்லாம் ஒரே மலையாக இருக்கிறதே அப்பா, நீ எங்கே இருக்கிறாய்? என்ன சாப்பிட்டாய்?" அவருக்கு வேண்டியது அதுதான். மறுநாள் தட்டில் இருந்த துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பைப் படமெடுத்து, கூடவே அரை நிமிடம் பேசிக் குரல் செய்தியாக அனுப்பினேன். குழுவில் அதற்கு வந்த பதில்கள் மடாலயத்துக்கு வரவில்லை. "இடியாப்பத்தைக் குழம்பில் போட்டதுபோல் இருக்கிறது" என்றார் பெரியம்மா, ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்கும் தொனியில்.

குரல் செய்திக்கு வேறொரு பயனும் இருக்கிறது. தாபோவில் உள்ள மடாலயம் பொதுக்கணக்கில் 996ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. வெளியே பார்த்தால் வெறும் மண் சுவர்கள். உள்ளே நுழைந்தால் இருட்டு; கண் பழகப் பழகச் சுவர் முழுக்க ஓவியங்களும், தலைக்கு மேலே சுவரில் இருந்து முன்னால் வந்து அமர்ந்திருக்கும் சுதை உருவங்களும் ஒவ்வொன்றாக வெளிப்படும். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. கேமராவை வெளியே வைத்துவிட்டுப் போனவன், வந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து, பார்த்ததை மறப்பதற்குள் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டேன். அந்தப் பயணத்தில் நான் அனுப்பியதில் என் நண்பர் ஒருவர் இன்றும் வைத்திருப்பது அந்தப் பதிவைத்தான். அது எத்தனை எம்பி இருந்துவிடப்போகிறது!

பகிர்வது என்றதும் நாம் தொலைவில் இருப்பவர்களையே நினைக்கிறோம். படத்தில் இருப்பவர்களை மறந்துவிடுகிறோம். லாங்சாவில் தங்கிய வீட்டில், பட்டாணி வயலில் நின்ற வீட்டுக்கார அம்மாவை அவர் அனுமதியோடு எடுத்திருந்தேன். அவருடைய மகன் அந்தப் படத்தைக் கேட்டார். சிக்னல் இல்லை. ஆண்ட்ராய்டுக்கு ஆண்ட்ராய்டு குவிக் ஷேர், ஐபோனுக்கு ஐபோன் ஏர்டிராப் என்று இதற்கெல்லாம் இணையமே தேவையில்லை. இரண்டு போனும் அருகருகே இருந்தால் போதும், முழு அளவிலேயே போய்ச் சேரும். சில நொடிகளில் படம் அவர் போனில். அம்மா அதை வாங்கி, இரண்டு விரலால் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு முகத்தை விட்டுவிட்டு வயலுக்கு நகர்த்தி, எந்த வரப்பு வரை தெரிகிறது என்று மகனிடம் காட்டினார். பக்கத்து ஊரான ஹிக்கிமில் 1983இல் இருந்து ஒரு தபால் நிலையம் இயங்குகிறது, 4,400 மீட்டருக்கு மேல். பயணிகள் அங்கே வரிசையில் நின்று தங்கள் ஊர்களுக்கு அஞ்சலட்டை போடுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு, போட்டேன். ஆனால் அதே தபால் நிலையத்துக்கு எதிர்த்திசையிலும் கடிதம் வரும் அல்லவா? ஊர் திரும்பியபின் அந்தப் படத்தை அச்சிட்டு லாங்சா முகவரிக்கு அனுப்பினேன்.

இனி காப்பு. இங்கே மேகத்தை, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பை, நம்புவது எனக்குச் சரிப்படாது. கூகுள் போட்டோஸ் தரும் 15 ஜிபி இலவச இடம் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 வரை சற்றுச் சுருக்கிய படங்களுக்குக் கணக்கே இல்லாமல் இடம் கொடுத்தார்கள், அந்தக் காலம் போய்விட்டது. இடம் நிரம்பிவிட்டால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். பயணத்தின் நடுவில் டிக்கெட்டும் தங்குமிட உறுதியும் அதில்தான் வருகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். போதாததற்கு, செயலியில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் மேகத்திலும் சேர்ந்தே அழியும். போனில் மட்டும் இடத்தைக் காலி செய்ய அதற்கென்று தனித் தேர்வு இருக்கிறது. ஒரு பக்கம் நடப்பது மறுபக்கத்திலும் நடக்கும் என்றால் அதற்குப் பெயர் காப்பு இல்லை, நிழல்.

ஆகவே கேமராவில் இரண்டு கார்டுத் துளை இருந்தால் ஒரே படத்தை இரண்டிலும் எழுதும்படி வைத்துவிடுங்கள்; அதோடு பாதிக் கவலை தீர்ந்தது. ஒரே துளை என்றால், பல துளைகள் உள்ள யுஎஸ்பி-சி ஹப் ஒன்றில் கார்டையும் எஸ்எஸ்டி என்ற சின்ன வெளிச் சேமிப்பு ஒன்றையும் செருகி, போனை நடுவில் வைத்து ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கலாம். இரண்டு கருவிக்கும் போனே மின்சாரம் கொடுக்க வேண்டியிருப்பதால் சில போன்கள் மறுக்கும், சில பாதியில் துண்டிக்கும். ஹப்பில் பவர் பேங்கைச் செருகும் துளையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நகல் முடிந்ததும் எஸ்எஸ்டி ஒரு பையில், கார்டு இன்னொரு பையில். இரண்டையும் ஒரே பையில் வைத்து அந்தப் பையைத் தொலைப்பவர்களுக்கு இரண்டு பிரதி இருந்து என்ன லாபம்?

பவர் பேங்கைச் செக்-இன் பையில் போடக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட் மணிக்குள் இருந்தால் விமானத்தில் தனி அனுமதி வேண்டியதில்லை; 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட் மணி, கவலை இல்லை. லோசர் கிராமத்தைத் தாண்டிக் குன்சும் கணவாய் ஏறிச் சந்திரதால் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால், நான் போனபோது, மின்சாரமும் கிடையாது, சிக்னலும் கிடையாது. குளிரில் பேட்டரி தன் பலத்தில் கணிசமான பங்கை இழந்துவிடும். கேமரா பேட்டரியையும் போனையும் படுக்கைப் பைக்குள் கூடவே வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும். வரும் ஓரிரு நாள் படம் வராது என்று காஜாவிலேயே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் படம் வராததே அங்கே ஒரு செய்தியாகிவிடும். பெரியம்மா மாதிரியான ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

வீடு வந்தபின் கணினியின் வேலை தொடங்குகிறது. கேமரா பக்குவப்படுத்தாமல் அப்படியே எழுதிவைத்த ரா கோப்புகளைத் திறப்பதும், நிறம் திருத்துவதும், நாலைந்து படத்தை ஒட்டி ஒரே அகலப் படமாக்குவதும் அந்த மேசையில் நிதானமாக நடக்கட்டும். கார்டில் இருந்தும் எஸ்எஸ்டியில் இருந்தும் வந்த கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, முதல் நாள், நடு நாள், கடைசி நாள் என்று சில படங்களைத் திறந்தும் பார்ப்பேன். எண்ணிக்கை சரியாக இருந்து உள்ளே பாதிப் படம் சாம்பல் நிறமாக இருப்பதும் உண்டு. கார்டை அழிப்பதற்கு அவசரமே இல்லை. அடுத்த பயணத்துக்குப் பை கட்டும் இரவில்தான் அதைச் செய்கிறேன்.